மாப்பிள்ளை பார்க்க வந்தவர் பார்த்த ரயில் விபத்து

மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் வேலையைப் பார்ப்பார்கள், வீட்டைப் பார்ப்பார்கள். என்னைப் பார்க்க வந்தவர் பார்த்தது ஒரு ரயில் விபத்து. அந்த ரயிலை ஓட்டியவன் நான்தான் என்பதை வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நெசவாளர் சங்கத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை. சாயங்காலமானால் ரயில் செய்வேன். (கல்யாண வயதில் செய்கிற காரியமா என்று நீங்களும் கேட்காதீர்கள். அப்போதே ஊரில் எல்லாரும் கேட்டுவிட்டார்கள்.) ரேடியோ ரிப்பேர் செய்யும் என் சிநேகிதன் சுந்தரமும் நானும் சேர்ந்து செய்த இன்ஜின் முழங்கால் உயரம் இருக்கும். உடம்பெல்லாம் தகரம். பாய்லர் மட்டும் பித்தளை, அம்மாவின் தண்ணீர்த் தோண்டி. அப்பா இல்லாத வீட்டில் நல்ல பாத்திரம் என்று இருந்தது அது ஒன்றுதான். நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, மண் குடத்தில் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிக் கவிழ்த்துத் துடைத்துக் கொடுத்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில் வாலாஜாபாத் அரிசி மில்காரர் ஒருவரின் மகள் வசந்தாவை எனக்குப் பேசினார்கள். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சங்கத்து வேலையில் கூட்டல் சரியாக வரவில்லை. ஆனால் பெண்ணின் அப்பாவுக்கு ரயில் உறுத்தியது. பொம்மை வைத்து விளையாடுகிறவனை நம்பி எப்படிப் பெண் கொடுப்பது என்று தரகரிடம் கேட்டாராம். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரில் பொழுதுபோக்குக் கண்காட்சி நடக்கப்போகிறது, வந்து பார்க்கட்டும், அது பொம்மையா என்று தெரியும் என்று சொல்லி அனுப்பினேன். பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்று பதில் வந்தது. ஆக, இன்ஜின் ஓடினால்தான் எனக்குக் கல்யாணம்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு ஹால். ஒரு பக்கம் தபால்தலைகள், ஒரு பக்கம் மீன்தொட்டிகள், நடுவில் எங்கள் தண்டவாளம். அதில் பாய்கிற மின்சாரத்தில்தான் இன்ஜின் ஓடும். பெண்ணின் அப்பா முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஸ்விட்சில் கை வைக்கிற நேரத்தில் அம்மா தட்டோடு வந்தாள். தட்டில் கற்பூரம், உடைத்த தேங்காய், எலுமிச்சம்பழம்.

இது வண்டி இல்லையம்மா, மாதிரி என்று காதோடு சொன்னேன்.

"சக்கரம் இருக்குது இல்ல?" என்றாள். "பழம் வெக்காம புது வண்டிய எப்பிடிப்பா எடுப்பே?"

கூடியிருந்தவர்கள் மொத்தமும் அம்மா கட்சி. ஒருவர் கற்பூரத்துக்கு நெருப்புப்பெட்டிகூட நீட்டினார். லாரிக்கு வைப்பது போலவே முன்சக்கரங்களுக்கு அடியில் பழத்தை வைத்து, கற்பூரம் காட்டி, என் வாயில் ஒரு பெரிய தேங்காய்ச் சில்லைத் திணித்தாள். நானும் சாமி கும்பிட்டு ஸ்விட்சைப் போட்டேன்.

லாரி ஏறினால் பழம் நசுங்கும். எங்கள் இன்ஜினோ பழத்தின் மேல் ஏறி, கொஞ்சம் யோசித்து, தண்டவாளத்தின் குறுக்கே படுத்துவிட்டது. பித்தளைத் தோண்டி இரண்டு தண்டவாளத்தையும் சேர்த்துத் தொட, படார் என்று நீலப் பொறி பறந்தது. ஹால் முழுக்க விளக்கும் மின்விசிறியும் நின்றுபோயின. மேடையில் பேசிக்கொண்டிருந்த பிரமுகர், மைக் செத்தது தெரியாமல் இன்னும் வாயசைத்துக்கொண்டிருந்தார்.

பெண்ணின் அப்பா நேராக என்னிடம் வந்தார்.

"என்ன தம்பி இது? யார் தப்பு?"

அம்மாதான் என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். வாய் நிறையத் தேங்காய். இருங்கள், மென்றுவிட்டுச் சொல்கிறேன் என்று காட்ட, கையை நெஞ்சில் வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், தட்டோடு நின்ற அம்மாவைப் பார்த்தார், வெளியே போய்விட்டார். சம்பந்தம் போயே போச்சு என்று சுந்தரம் என் முதுகைத் தடவிக் கொடுத்தான்.

மறுநாள் தரகர் ஓடி வந்தார். முகூர்த்தத்துக்கு நாள் பார்க்கச் சொல்லிவிட்டாராம். அத்தனை பேர் எதிரில் மானம் போகிறபோதும், பெற்றவளைக் காட்டிக்கொடுக்காமல் பழியைத் தன் நெஞ்சில் போட்டுக்கொண்ட பையனாம் நான்.

கல்யாணமான வாரமே வசந்தாவிடம் விஷயத்தை உளறிவிட்டேன். அன்று பிடித்தது சனி. நான் எப்போதாவது பெருந்தன்மையாக நடந்துகொண்டால், "என்னா, வாயில தேங்காயா?" என்று கேட்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள். ஒரு பொங்கலன்று, மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போதே மகன் அதைச் சொல்லித் தொலைத்தான். நான் இலைக்குள் முகத்தைப் புதைக்கப் பார்த்தேன்.

மாமனார் நிதானமாக மோர் ஊற்றிக்கொண்டார்.

"தேங்கா இருந்தது அன்னிக்கே தெரியும் மாப்ளே. முழுங்கிட்டு என்னா சொல்றீங்கன்னு பாக்கத்தான் ஜன்னலாண்ட நின்னுகினு இருந்தேன். உங்கம்மா அழுவுற மாதிரி நின்னாங்க. நீங்க போயி, 'கரெண்ட் கோளாறும்மா, உன் பழத்தால இல்ல'ன்னீங்க. அதக் கேட்டுட்டுத்தான் பஸ் ஏறினேன்."

நான் அப்படிச் சொன்னதே எனக்கு மறந்துபோயிருந்தது. அந்த மனிதர் இத்தனை வருஷம் எனக்காக அதை நினைவில் வைத்திருந்தார்.

பரிமாறிக்கொண்டிருந்த அம்மா கரண்டியோடு நின்றாள்.

"அப்போ அது கரெண்ட் கோளாறு இல்லியாப்பா?"

பந்தி முழுக்க என்னைப் பார்த்தது. இந்த முறை என் வாயில் ஒன்றுமே இல்லை.

"கரெண்ட்தாம்மா," என்றேன்.