எங்கடை ஆள் கொங்கிரஸ்மான்

உலகத்தில் 'எங்கடை ஆள்'காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். இவர்களிடம் நலம் விசாரித்தால் இன்னொருவருடைய நலத்தைச் சொல்வார்கள். தங்கள் வாழ்க்கையை ஓரமாகத் தள்ளிவிட்டு, அதைவிட எடுப்பான ஒரு வாழ்க்கையை எங்கிருந்தாவது கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள்.

அஜின்கோர்ட்டில் இருக்கும் வினோதன் இதில் உயர்ந்த ரகம். குடும்பத்திலேயே முதலில் பல்கலைக்கழகம் போனவன். போனவன் இன்னும் வெளியே வரவில்லை. எலைஷா கிறேவ்லி என்ற ஆரம்பகால அமெரிக்கக் கொங்கிரஸ் உறுப்பினரை வருடக்கணக்காக ஆராய்கிறான். கிறேவ்லி இரண்டு தடவை வென்றார், எல்லாவற்றையும் எதிர்த்து வாக்களித்தார், மூன்றாம் தடவை தோற்றார், ஊருக்குத் திரும்பி ஆப்பிள் மரம் நட்டார். அவ்வளவுதான். ஆனால் பஸ் பிந்தினாலும், பனி கொட்டினாலும், பல் வைத்தியர் வாயைத் திறக்கச் சொன்னாலும், வினோதனுக்கு 'எங்கடை ஆள்' சொன்ன ஏதோ ஒன்று நினைவுக்கு வரும்.

சென்ற சனிக்கிழமை, பொருத்தம் கொண்டுவந்த மனோரஞ்சிதம் அன்ரியோடு ஸ்ரௌவ்வில் என்ற ஊருக்குப் பெண் பார்க்கப் போனான். தொலைபேசியில் பேசியதிலேயே நிலாணியை அவனுக்குப் பிடித்துவிட்டது. அவளுடைய தகப்பன் குலசிங்கத்துக்குத் தன்னைப் பிடிக்கவேண்டுமே என்பதுதான் பயம். அவர், தம்பி என்ன செய்கிறீர் என்று கேட்டார். பயந்த வாய் பழகிய வழியில் போனது.

"எங்கடை ஆள் ஒருத்தர் அமெரிக்காவிலை கொங்கிரஸ்மான், அங்கிள். அவரைப் பற்றித்தான்..."

'எங்கடை ஆள்' என்றதும், யாரோ தமிழர் என்று நினைத்துக் குலசிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்த இடம்? கனெற்றிகட் பக்கம். தாய் தகப்பன்? காணி பூமி உள்ளவர்கள். படிப்பு? சட்டம். குடி, சிகரெட்? தொடமாட்டார். கலியாணம்? முடிக்கவில்லை. குலசிங்கம் மனைவியைப் பார்த்தார். மனைவி உள்ளே போய் இன்னும் கொஞ்சம் ரோல்ஸ் கொண்டுவந்தார்.

"இப்ப ஆள் எங்கை இருக்கிறார்?"

"காலமாகிட்டார், அங்கிள்."

"அடடா. எப்ப?"

"ஆயிரத்து எண்ணூற்றுப் பத்தொன்பதிலை."

ரோல்ஸ் ஆறியது. கடைசியில் நிலாணிதான் பேசினாள்.

"அவரை விடுங்கோ. உங்களைப் பற்றி ஏதாவது சொல்லுங்கோவன்."

வினோதன் தனக்குள் தேடினான். எங்கே கைவைத்தாலும் கிறேவ்லியின் சாமான்கள்.

"எனக்கு... ஆப்பிள் பிடிக்காது" என்றான்.

அவனுடைய சொந்தச் சரக்கு அது ஒன்றுதான். நிலாணி சிரித்துவிட்டாள்.

திங்கட்கிழமை குலசிங்கம் மனோரஞ்சிதத்துக்கு அழைத்து முடிவைச் சொன்னார்.

"உந்தப் பெடியனைவிட மற்றவர் திறம். ஆனா மகள் உயிரோடை இருக்கிறவர்தான் வேணுமெண்டு நிக்கிறாள்."

அதே மூச்சில், லண்டனில் தன் மச்சான் கட்டும் வீட்டைப் பற்றியும் சொன்னார். மனோரஞ்சிதம் அவரிடம் சுகம் மட்டும்தான் விசாரித்திருந்தார்.

அதை விடுங்கள். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

உங்களைத்தான் கேட்கிறேன். டொக்டருக்குப் படிக்கிற மகனை அல்ல.