கிதாபின் மேல் வைத்த கை

கீழக்கரை,
வெள்ளிக்கிழமை காலை.

இராமேஸ்வரத்தில் லாட்ஜ் நடத்திவரும் அன்புத் தம்பி காஜா நவாஸுக்கு, கூடப்பிறந்த மூத்த காக்கா வாவு முகம்மது ஸலாம் கூறி எழுதும் கடிதம்.

இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. உண்மையில் என் வீட்டுக்காரி, உன் மச்சி லத்தீபாவுக்கு முழங்கால் வலி, எனக்குச் சர்க்கரை, கிணற்று மோட்டாருக்கு என்ன வியாதி என்று மெக்கானிக்குக்கே தெரியவில்லை. இவை நீங்கலாக, அல்லாஹ் கிருபையால் சுகத்துக்குக் குறைவில்லை. நீயும் உன் வீட்டிலும் மகள் லாமியாவும் சலாமத்தாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பதினோரு வருஷமாகப் பேசாதவன் திடீரென்று கடிதம் போடுகிறானே, மவுத்துச் செய்தியோ என்று பதறாதே. இங்கே யாரும் மவுத்தாகவில்லை. போன் பண்ணினால் ஆகாதா என்று கேட்பாய். உன் நம்பரை ஆத்திரத்தில் அழித்தவன் நான். லத்தீபா போனில் அது ‘கேஸ் ஏஜென்சி’ என்ற பெயரில் இருப்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. வாரம் தவறாமல் கேஸ் ஏஜென்சியோடு அரை மணி நேரம் சிரித்துப் பேசுகிற பெண்பிள்ளை ஊரிலேயே அவள் ஒருத்திதான். அவளிடம் போய் நம்பர் கேட்க என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் தபாலாபீஸில் ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்தினவன், என் சொந்தக் கடிதத்துக்கு ஒரு ஸ்டாம்பு ஒட்டக் கூடாதா என்ன.

சண்டை எதனால் வந்தது என்று நீ மறந்திருந்தால் நான் மறக்கவில்லை. என் மூத்த மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கிற வேலையை நீயாக இழுத்துப் போட்டுக்கொண்டாய். வந்து இறங்கின எண்ணூறு பத்திரிகையிலும், கடைசி எழுத்தில் சுழி போய்ப் புள்ளி ஏறி, என் பெயர் ‘வாவ் முகம்மது’ என்று இருந்தது. கல்யாணத்தன்று நான் நெய்ச்சோற்றுச் சட்டியோடு போன பந்தியெல்லாம் பொடியன்கள் ‘வாவ்!’ என்று கத்தினார்கள். சம்பந்தி வீட்டுப் பெரியவர், பாவம், அதுதான் என் பெயர் என்று நம்பி மரியாதையாக ‘வாவ் காக்கா’ என்றே கூப்பிட்டார். அதெல்லாம் போகட்டும். நான் உன்னைத் தேடி வந்து, “என்னலே இது?” என்று கேட்டேனே, அப்போது நீ என்ன செய்தாய்? பக்கத்தில் நின்றவன் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து, பெட்டகத்தைத் திறந்து, பச்சைத் துணியில் சுற்றிய நம் வம்சத்துக் கிதாபை வெளியே எடுத்து, அதன் மேல் கையை வைத்து, “அல்லாஹ் மேல ஆணையா இனி அவன் வாசப்படி மிதிக்க மாட்டேன், அவன்கூட ஒரு வார்த்தை பேச மாட்டேன்” என்று நான் சொன்னபோது நீயும் ஜன்னலுக்கு வெளியேதான் நின்றாய். அந்தக் கிதாபைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் மூதாதை ஒருவர் யமன் தேசத்திலிருந்து கப்பலில் கொண்டு வந்த மார்க்கப் புத்தகம், கை கால் முகம் கழுவி ஒளு செய்யாமல் தொடக் கூடாது, திறக்கவே கூடாது என்று வாப்பா சொன்னார்கள். அவர்களுக்கு அவர்கள் வாப்பா சொன்னார்கள். வியாழக்கிழமை தோறும் சாம்பிராணி காட்டினோம். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் அதன் பக்கத்தில் தண்ணீர் வைத்துக் குடிக்கக் கொடுத்தோம். என் மகன் அஃப்ரித் ப்ளஸ் டூ கணக்குப் பரீட்சைக்கு அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி முத்திவிட்டுப் போனான். அதனால் சத்தியம் என்றால் சத்தியம். லாட்ஜ் திறந்தபோது நான் வரவில்லை. உனக்குக் கண் ஆபரேஷன் என்று கேள்விப்பட்டு இரண்டு தடவை பஸ் ஏறி உச்சிப்புளி வரைக்கும் வந்தேன். அங்கே இறங்கி டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

போன மாதம் லாமியாவின் நிக்காஹ் பத்திரிகை வந்தது. பிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். பிரித்தேன். ‘தங்கள் வருகையை நாடும்’ என்பதற்குக் கீழே முதல் பெயராக, உன் பெயருக்கும் மேலே, ‘பெரிய வாப்பா வாவு முகம்மது’ என்று போட்டிருந்தாய். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். சுழி சரியாக இருந்தது. அந்தப் பிள்ளைக்குச் சைக்கிள் பழக்கியவன் நான். அவள் விழுந்து கால் சிராய்த்த இடத்தில் எச்சில் தொட்டு வைத்தவன் நான். அவள் நிக்காஹில் நான் இல்லையென்றால் பிறகு என்ன பெரிய வாப்பா. ஆனால் சத்தியம் என்னைப் பிடித்து வைத்திருந்தது. பத்திரிகையைப் பெட்டகத்தில், கிதாபின் பக்கத்திலேயே வைத்துவிட்டு, ராத்திரியெல்லாம் புரண்டு படுத்தேன்.

இந்த நிலைமையில்தான் போன வாரம் தேவிபட்டினத்துப் பெண் சுஹா வந்து சேர்ந்தது. சென்னையில் ஆராய்ச்சி படிக்கிற பிள்ளை. கடற்கரை ஊர்களில் வீடு வீடாகப் போய்ப் பழைய கையெழுத்துப் புத்தகங்களைப் போட்டோ எடுக்கிறதாம். அடுத்த வீட்டு ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் ஹமீது சுல்தான் என்னைக் கேட்காமலேயே, “நம்ம வாவு வீட்டுல யமன் கிதாபு இருக்கு” என்று சொல்லி அழைத்து வந்துவிட்டார். முதலில் மறுத்தேன். பிறகு, நம் வம்சத்துப் பெருமை சென்னை வரைக்கும் போகட்டுமே என்று ஒரு சின்ன ஆசை. தெருவில் பாதிப் பேரைக் கூப்பிட்டேன். வெள்ளை விரிப்பு விரித்து, ஊதுபத்தி கொளுத்தி, அத்தனை பேரையும் ஒளு செய்யச் சொல்லி உட்கார வைத்தேன். பள்ளிவாசல் சீனி முகம்மது ஹஜ்ரத்தையும் அழைத்திருந்தேன். அவர் பரமக்குடிக்கு ஒரு நிக்காஹ் ஓதப் போயிருந்தார். என் மானத்தை அல்லாஹ் அந்த மட்டில் காப்பாற்றினான்.

சுஹா பச்சைத் துணியைப் பிரித்து, முதல் பக்கத்தில் முதல் எழுத்தின் மேல் விரலை வைத்து, “இது வாவ்” என்றது.

நான் எழுந்துவிட்டேன். “யாரும்மா உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது?” என்று சத்தம் போட்டேன். பதினோரு வருஷம் கழித்துச் சென்னையிலிருந்து ஆள் வைத்துக் கேலி செய்கிறாய் என்றே நினைத்தேன், தம்பி. அந்தப் பிள்ளை பயந்துபோய், “மாமா, அரபியில இந்த எழுத்துக்குப் பேரே வாவ்தானே!” என்றது. ஹமீது சுல்தான் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். சின்ன வயதில் மதரஸாவில் பிரம்படி வாங்கிப் படித்த எழுத்து, எனக்கு மறந்துபோயிருந்தது.

சுஹா மேலே வாசித்தது. “வேற யாரும் இதைத் தொறக்கக் கூடாது. முக்கியமா மாமி.”

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. “எழுத்து அரபி, பாஷை தமிழ் மாமா. அந்தக் காலத்துல நம்ம ஆளுக இப்படித்தான் எழுதுவாங்க. எழுதினது ஒரு மருமகப் பொண்ணு, மீரா நாச்சியான்னு பேர் இருக்கு. பதினெட்டு பத்தொன்பது வயசு இருக்கலாம். காயிதத்தைப் பார்த்தா நூத்தி முப்பது வருஷம் சொல்லலாம்” என்றது. பிறகு அடுத்த பக்கம். தொதல் கிண்டுகிற முறை! தேங்காய்ப் பால் எத்தனை, கருப்பட்டி எத்தனை, கை விட்டால் அடிபிடிக்கும், அடிபிடித்தால் மாமி மூன்று நாளைக்குச் சொல்லிக் காட்டுவாள். அதற்கடுத்த பக்கம், மாமி சொல்லிக் காட்டினது. அதற்கடுத்தது, வயிற்றுப் பொருமலுக்குக் கஷாயம். வியாழக்கிழமை தோறும் நாம் சாம்பிராணி காட்டினது இதற்குத்தான். வந்தவர்கள் ஒவ்வொருவராக வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்கள். ஹமீது சுல்தான் மட்டும் போகாமல், அந்தக் கஷாயத்தைத் திருப்பி வாசிக்கச் சொல்லிக் குறித்துக்கொண்டார்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் உள்ளே இருந்து லத்தீபா முழங்காலையும் மறந்து ஓடி வந்தாள். “ஏம்மா, ‘மாமி சொன்னாஹ, வந்தாஹ, போனாஹ’ன்னு அப்படியே எழுதியிருக்காளா? இல்ல நீ வாசிக்கறப்ப சேர்த்துக்கிறியா?” என்று கேட்டாள். அப்படியே எழுதியிருக்கிறதாம். தமிழ் எழுத்தில் எழுதியிருந்தால் பள்ளிக்கூடத்துப் பாஷையில் ‘வந்தார்கள்’ என்று எழுதியிருப்பாள்; அரபு எழுத்தில் எழுதப் போய் வாயில் வந்ததை வந்தபடியே எழுதிவிட்டாள். அதே ‘ஹ’. லத்தீபா தினமும் என்னைத் திட்டுகிற அதே ‘ஹ’. நூற்று முப்பது வருஷம் வாயில்லாமல் துணிக்குள் கிடந்தவள் திடீரென்று எங்கள் கூடத்தில் உட்கார்ந்து பேசின மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் என் வீடு என் கையில் இல்லை. தினமும் சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு தெருப் பெண்கள் டிவி சீரியலைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். மீன்கார ராக்கு கூடையை வாசலில் இறக்கிவிட்டு, “அந்த மாமியா கெழவி இன்னும் இருக்காளா, போயிட்டாளா?” என்று கேட்டுக்கொண்டே உட்காருகிறாள். சமாச்சாரம் கேள்விப்பட்டு சவூதியில் தம்மாமிலிருந்து அஃப்ரித் போன் செய்தான். “அப்ப அது மேல பண்ணின சத்தியமெல்லாம் செல்லாதுல்ல வாப்பா?” என்றான். “நீ பண்ணினது எந்தச் சத்தியம்லே?” என்றேன். லைன் கட்டாகிவிட்டது. இன்று வரைக்கும் எடுக்கவில்லை.

ஆனால் அவன் கேட்டது என் மூளையில் ஏறிக்கொண்டது. முந்தாநாள் சுஹா வாசித்த பக்கம் அதை இன்னும் ஏற்றிவிட்டது. மீரா நாச்சியாவின் புருஷன் தோணியில் கொழும்புக்குப் போய் எட்டு மாதம். ஒரு கடுதாசி இல்லை. இவள் எழுதுகிறாள்: “நாளைக்குத் தோணி வருதுன்னு சொன்னாஹ. வந்தா அவஹகூட பேசக் கூடாது. மூணு நாளைக்குப் பேசக் கூடாது. சோறு வைப்பேன், பேச மாட்டேன்.” சுஹா பக்கத்தைத் திருப்பியது. அடுத்த பக்கம் முழுக்க வெறுமை, நடுவில் ஒரே வரி. “வந்துட்டாஹ. பேசிட்டேன்.”

பெண்களெல்லாம் கைதட்டிச் சிரித்தார்கள். “அப்படிச் சொல்லு! பேசாம எப்படித்தா இருக்க முடியும்?” என்றாள் ராக்கு. நான் மூக்கைச் சிந்துவது போலக் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். எட்டு மாதம் காக்க வைத்தவனிடம் அந்தப் பிள்ளையால் ஒரு பொழுது பேசாமல் இருக்க முடியவில்லை. நான் ஒரு சுழிக்காகப் பதினோரு வருஷம் இருந்திருக்கிறேன். அழுதேன் தம்பி, சொல்வதற்கென்ன.

ஆகவே நான் தீர யோசித்து எடுத்த முடிவு. அது மார்க்கக் கிதாபு அல்ல, ஒரு மருமகளின் நோட்டு. அதன் மேல் கை வைத்துச் செய்த சத்தியம் சத்தியமே அல்ல. நான் ஞாயிற்றுக்கிழமை நிக்காஹுக்கு வருவதில் ஒரு தடையும் இல்லை. ஆனாலும் மூத்தவன் என்ற முறையில் சில நிபந்தனைகள் உண்டு. நீதான் முதலில் பேச வேண்டும். வாசலுக்கு வந்து கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும். சிரிக்கவே கூடாது. சம்மதம் என்றால் ‘கேஸ் ஏஜென்சி’யிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடு. இன்று மூன்று மணித் தபால் கட்டில் ஸ்பீடு போஸ்ட் போட்டால் நாளைக்கு உன் கையில் இருக்கும். சுஹா அந்த நோட்டை மீரா நாச்சியாவின் பெயர் போட்டு அச்சுப் புத்தகமாகக் கொண்டுவரப் போகிறது. எழுத்துப்பிழை பார்க்கிற வேலையை நான் எடுத்திருக்கிறேன், உன்னைச் சேர்க்கவில்லை.

லாமியாவுக்கும் மாப்பிள்ளைக்கும் ரஹ்மத்தும் பரக்கத்தும் பொழியட்டும். உன் வீட்டில் யாருக்கும் குறையொன்றும் வராமல் ரப்பு காப்பானாக.

இப்படிக்கு, உன் காக்கா,
வாவு முகம்மது (சுழியோடு)

பின்குறிப்பு: சனிக்கிழமை, மத்தியானம். மேலே எழுதினதில் பாதி தப்பு. எழுத்து நடுங்குவது ஓடுகிற பஸ்ஸில் எழுதுவதால். பாம்பன் பாலம் இப்போதுதான் வந்தது. நேற்று ஜும்ஆ தொழுகை முடிந்து, தபாலில் போடுவதற்கு முன் எதற்கும் ஒரு வார்த்தை ஹஜ்ரத்திடம் கேட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். “கை நோட்டு மேல இருந்துச்சு, சரி. வாய் யார் மேல ஆணையிட்டுச்சு?” என்றார். அல்லாஹ் மேல என்றேன். “அப்ப உள்ளார தொதல் இருந்தா என்ன, கஷாயம் இருந்தா என்ன? சத்தியம் சத்தியம்தான்” என்றார். நான் பள்ளிவாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். “ஆனா கூடப்பொறந்தவன்கூட பேச மாட்டேன்னு பண்ணின சத்தியத்தை முறிக்கிறதுதான் நன்மை. பத்து ஏழைகளுக்கு வயிறாரச் சோறு போடுங்க, போய்த் தம்பிகூட பேசுங்க. முடிஞ்சுது” என்றார். அவ்வளவுதானா என்றேன். “அவ்வளவுதான். அன்னைக்கே கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே. நான் இங்கனதானே இருக்கேன்!”

தம்பி, பதினோரு வருஷத்தில் நான் அதை ஒருநாளும் கேட்கவே இல்லை. கேட்டால் வழி சொல்லிவிடுவார் என்று பயந்தேனோ என்னவோ.

இன்று காலை பத்துப் பேருக்கு லத்தீபா சமைத்தாள், நான் பரிமாறினேன். நிபந்தனை எல்லாம் ரத்து. கடிதத்தையும் தபாலில் போடவில்லை, என் கையாலேயே தரப் போகிறேன். ஆகவே இதை நீ படித்துக்கொண்டிருக்கிறாய் என்றால் உன் லாட்ஜ் வாசலில் நின்றுதான் படிக்கிறாய். தலையை நிமிர்த்திப் பார். எதிரே முடி கொட்டிப்போய் நிற்கிற ஆள் நான்தான். நீ சிரித்தாலும் பரவாயில்லை, உள்ளே வா என்று சொல்லிவிடு.