தட்டிக் காட்டுகிறவர்

வாசகரே, காட்டுகிறவர் என்றொரு இனம் உண்டு. தம் கண்ணில் பட்டதை நீங்களும் அதே நொடியில் பார்த்தாக வேண்டும் என்பார்கள். நீங்கள் ஏற்கெனவே அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றாலும் விடமாட்டார்கள்.

தீபாவளி விளக்குகளைப் பார்க்கவே சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக்கு வந்த மனைவியின் முழங்கையைப் பிடித்து, "மேல பாரு, லைட்டு!" என்பவர், எம்ஆர்டி ரயிலில் எதிர்ச் சன்னலைக் காட்டி மழையை அறிவிப்பவர், மார்சிலிங்கில் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே படுத்திருக்கும் பூனையைக் காட்ட, குளித்துக்கொண்டிருப்பவரையும் கதவைத் தட்டி அழைப்பவர்: இத்தனையும் என் நண்பர் ஸ்ரீநாத். கெட்டவர் அல்ல. எல்லாம் நல்லெண்ணம்தான். நல்லெண்ணத்திடமிருந்து தப்பித்து எங்கே ஓடுவது?

அவர் மனைவி நிவேதிதா ஓர் இடம் கண்டுபிடித்தாள். கடலுக்கு அடியில். வாயில் காற்றுக்குழாய் இருந்தால் பேச முடியாதல்லவா? மூவரும் முக்குளிக்கப் பயின்று, ஒரு ஞாயிறு புலாவ் ஹந்து தீவுக்குப் படகேறினோம். "ஒரே ஒரு ஆமைய நிதானமா, நானே பாக்கணும்," என்றாள் என் காதோடு.

ஆனால் முக்குளிப்பவர்களிடம் ஓர் எஃகுக் குச்சி உண்டு. எதையாவது காட்ட வேண்டுமென்றால் அதனால் முதுகிலுள்ள காற்று உருளையைத் தட்டுவார்கள். ஸ்ரீநாத் அதை முதல் நாளே வாங்கிவிட்டார்.

டங். நத்தை. டங். பாசி. டங். நான். ஆம், கூடவே வந்த என்னை அவளுக்குக் காட்டினார்.

பவளப்பாறைக்குப் பின்னால், கலங்கிய பச்சைத் தண்ணீரில், நிவேதிதா அசையாமல் மிதந்துகொண்டிருந்தாள். எதிரே ஓர் ஆமை எதையோ மென்றபடி அவளைப் பார்த்தது. இருவருக்குமே அவசரமில்லை. அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

டங் டங் டங்!

ஆமை போய்விட்டது. ஓடியோடிக் காட்டியதில் ஸ்ரீநாத்துக்குக் காற்றும் தீர்ந்துகொண்டிருந்தது. ஜோடியாக இறங்கியவர்கள் ஜோடியாகவே ஏற வேண்டும் என்பது முக்குளிப்பின் சட்டம். காற்று மிச்சமிருந்தும் அவளும் ஏறினாள்.

"பாத்தியா நிவி? நான் தட்டலன்னா மிஸ் பண்ணிருப்ப லா!"

"நீ தட்டுற வரைக்கும் அதத்தான் பாத்துட்டிருந்தேன், ஸ்ரீ."

அவர் முகம் வாடியது. பிறகு, "அங்க பாரு, கப்பல்!" என்றார். எந்தப் பக்கம் திரும்பினாலும் கப்பலாக நிற்கும் சிங்கப்பூர்க் கடலில்.

மதியம் மறுபடி இறங்கும்போது நிவேதிதா பயிற்சியாளரிடம் ஜோடியை மாற்றித் தரச் சொன்னாள். முன்பின் தெரியாத ஒரு சீனப் பெண்மணியோடு போனாள். ஸ்ரீநாத்துக்கு ஜோடி, நான். டங்.

அவள் ஏறி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன பாத்த? என்ன பாத்த?" என்று துடித்தார் ஸ்ரீநாத்.

"ஒண்ணுமில்ல," என்றாள். இன்றுவரை அதற்கு மேல் சொல்லவில்லை.

வாசகரே, இதைப் படித்ததும் பக்கத்தில் இருப்பவரின் தோளைத் தட்டி, "இதப் படியேன், அப்படியே உன் தம்பிதான்," என்று சொல்லத் தோன்றுகிறதா?

கையைக் கீழே இறக்குங்கள்.