ஏழு குறிப்புகளில் நீச்சல்

புத்தகம் வாசிக்கிற தகப்பனிடமிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றச் சட்டம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் என்னைத்தான் முதலில் பிடித்திருப்பார்கள்.

2009. லண்டனில் இருந்துகொண்டு ஊர்ப் போர்ச் செய்திகளைப் பார்க்கத் திராணியில்லாமல் டிவியை மூடிவிட்டுப் பண்டைய வரலாற்றுக்குள் ஒளிந்திருந்தேன். அங்கேதான் யூதத் தகப்பன்மாரைச் சந்தித்தேன். ஊருக்கு ஊர் ஆசிரியர் வைத்து ஆறேழு வயதிலேயே பிள்ளைகளை அனுப்பினாலும், மகனுக்குக் கற்பிக்கிற கடமை தகப்பனுடையதாம். வேதமும் ஒரு தொழிலும். நீச்சலும் என்று சிலர் சேர்த்துச் சொன்னார்களாம். (எனக்கு மகன் இல்லை. ஒன்பது வயதில் அபி என்று ஒரு மகள். விதியைக் கொஞ்சம் அகட்டினேன்.)

அபிக்கு அடுத்த புதன்கிழமை பள்ளிக்கூடத்தில் நீச்சல் சோதனை. சின்னக் குளத்தைக் குறுக்கே நீந்திக் கடந்தால் பெரிய குளம். இல்லையென்றால் அடுத்த பள்ளித் தவணையும் சின்னப் பிள்ளைகளோடு. அந்த நினைப்பிலேயே அழுதுகொண்டு திரிந்தாள்.

"ஒரு நீச்சல் கோச்சிட்டை விடுவம்," என்றாள் மனைவி.

"தகப்பன் நான் இருக்கிறன்."

"உங்களுக்கு நீந்தத் தெரியுமோ?"

"தியரி தெரியும்."

யாழ்ப்பாணத்தானுக்கு நோட்ஸ் இல்லாமல் எதுவும் ஏறாது. நீச்சலை ஏழு குறிப்புகளாக எழுதினேன். அந்தக் காலத்துப் பிள்ளைகள் பாடத்தை வாய்விட்டுச் சொல்லித்தான் படித்தார்கள் என்று வாசித்திருந்தேன். ஆகவே அபியும் ஐந்து நாள் சோபாவில் குப்புறக் கிடந்து, கைகால் அடித்தபடி உரக்கச் சொன்னாள்.

ஞாயிறு காலை ஸ்ட்ரெதம் பக்கம் ஒரு நீச்சல் குளம்.

"பிள்ளை கரைக் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு சொல்லுங்கோ, நான் செய்து காட்டுறன். நான் சொல்லுமட்டும் நிப்பாட்டக் கூடாது."

"ஒண்டு, உடம்பைத் தளர்த்த வேணும்." தளர்த்தினேன். "ரெண்டு, காலைத் தூக்க வேணும்." தூக்கினேன். அத்தோடு என் கல்வி முடிந்தது.

நெஞ்சளவுத் தண்ணீர். எழுந்து நின்றாலே போதும். எழுந்து நிற்கலாம் என்பது ஏழு குறிப்புகளில் இல்லை.

தலை வெளியே வந்தபோதெல்லாம் மகளின் குரல் கேட்டது. "அஞ்சு, பதறக் கூடாது." மறுபடி அமிழ்ந்தேன். "ஆறு, ஆறுதலா மூச்சு எடுக்க வேணும்." ஏழும் முடிந்தது. கெட்டிக்காரி, திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினாள். இரண்டாம் சுற்றில்தான் சந்தேகம் வந்தது.

"அப்பா, நிப்பாட்டவா?"

அனுமதி கொடுக்கும் நிலையில் நான் இல்லை.

காவலுக்கு இருந்த வெள்ளைக்காரப் பெண் என்னைக் கக்கத்தில் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார். அவர் நீந்தி வரவில்லை. நடந்து வந்தார்.

புதன்கிழமை அபி கம்பியை விடவே இல்லை. தண்ணீர் ஒன்றும் செய்யாது என்று டீச்சர் கெஞ்சியிருக்கிறார். செய்யும், அப்பாவைச் செய்ததைப் பார்த்தேன் என்றாளாம். அடுத்த தவணையும் சின்னப் பிள்ளைகளோடு. அதற்கடுத்த தவணையும்.

இப்போது வேலைக்குப் போகிறாள், கார் ஓட்டுகிறாள். நீந்த மட்டும் தெரியாது. கோடையில் சொந்தக்காரரோடு கடலுக்குப் போனால் எல்லோரும் இறங்குவார்கள், நாங்கள் இருவரும் கரையில் இருப்போம். மனைவி சத்தமாகச் சொல்லுவாள்:

"பயப்பிடாமப் போங்கோ. செருப்புப் பாக்கிறதுக்கெண்டே படிச்ச ரெண்டு பேர் இருக்கினம்."

கூட்டம் சிரிக்கும். அபியும் சிரிப்பாள். ஆனால் தன் செருப்பைக் கழற்ற மாட்டாள்.