முப்பத்திரண்டு டப்பாவும் ஒரு முழங்காலும்

ஆரப்பாளையம், மதுரை.

கர்த்தருக்குள் பிரியமான மாப்பிள்ளை ஸ்டீவ் அவர்களுக்கு, மாமா யேசுதாஸ் எழுதிக்கொள்வது. தேவகிருபையால் இங்கு எல்லோரும் சுகம், என் வலது முழங்கால் நீங்கலாக. நீங்களும் மகள் பெர்சியும் நலமென்று நம்புகிறேன்.

போன மாதம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே, பிளாஸ்டிக் டப்பாவிலும் நான்ஸ்டிக் கல்லிலும் தரை துடைக்கிற மருந்திலும் உள்ள ரசாயனங்கள் ஹார்மோனைக் குழப்பி எடையைக் கூட்டலாம் என்று அருமையாக வகுப்பெடுத்தீர்கள். கெமிஸ்ட்ரி புரொபசர் மாப்பிள்ளையாக வாய்த்தது எங்கள் பாக்கியம். ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை என்றும் கடைசியில் சொன்னீர்கள். அதற்குள் உங்கள் அத்தை ரூத் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். எண்பது கிலோவுக்கு இறங்கினால்தான் மூட்டு ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, என் எடை ஒன்றுதான் அவருடைய ஜெபம். அன்று சாயங்காலமே முப்பத்திரண்டு டப்பாவும் வேலைக்கு வரும் பாண்டியம்மாள் வீட்டுக்குப் போயின. இத்தனை வருஷமாகப் பரோட்டா மேல் அபாண்டமாகப் பழி போட்டிருந்தோமே, பாவம் பரோட்டா!

சோப்பும் ரசாயனமாம், இப்போது பாத்திரம் விளக்கச் சாம்பல். கேஸ் அடுப்பு வீட்டில் சாம்பலுக்கு எங்கே போக? ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டயரான நான் அழகுபாண்டி டீக்கடை விறகடுப்புக்கு முன்னால் வாளியோடு நிற்கிறேன். "தெனமும் எம்புட்டுச் சாம்பல் சார் அள்ளுவீக?" என்கிறான். அதுகூடப் போகட்டும். மிஞ்சின குழம்பையும் சோற்றையும் எடுத்துவைக்க டப்பா இல்லை, கொட்டினால் பாவம், "வீணாக்காமச் சாப்ட்ருங்க" என்கிறார் அத்தை. ஆக, வீட்டில் மிச்சமிருக்கிற ஒரே டப்பா நான்தான். எண்பத்தாறு கிலோ தொண்ணூறாகிவிட்டது. பாண்டியம்மாளோ நம் விஷ டப்பா அத்தனையும் வைத்துக்கொண்டு ஒல்லியாகவே இருக்கிறார். "டப்பாவெல்லாம் எனக்கு, தொப்பையெல்லாம் ஒங்களுக்கா சாரு?" என்று சிரிப்பு வேறு. உங்கள் ஆராய்ச்சியில் இதற்கும் ஒரு பாரா ஒதுக்குங்கள்.

கர்த்தர் உங்கள் கல்லூரி வேலையையும் என் மூட்டையும் ஆசீர்வதிப்பாராக. பெர்சிக்கு எங்கள் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் புண்ணியத்தில் பருத்த மாமா,
யேசுதாஸ்

பி.கு.: மேலே உள்ளதை அத்தை படித்துவிட்டு, "மாப்ளைக்கு இம்புட்டு நக்கல் தேவையா?" என்றார். இதைத் தபால்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எழுதுகிறேன். டப்பா போன மறுநாளே அவர் மற்ற சாமானோடு ஒரு டஜன் எவர்சில்வர் டப்பா வாங்கி வந்தார். அவர் பையைப் பிரிப்பதற்குள் அதைக் கிறிஸ்துமஸ் ஸ்டார் வைக்கிற அட்டைப்பெட்டிக்குள் ஒளித்தது நான்தான். கடைக்காரன் பையில் போடவே இல்லை என்று அவனைத் திட்டிக்கொண்டிருக்கிறார். எடை இறங்கினால் கத்தி வைத்துவிடுவார்கள். எனக்குப் பயமாயிருக்கிறது மாப்பிள்ளை. அத்தையிடம் சொல்ல வேண்டாம். ஆபரேஷன் அன்றைக்கு நீங்கள் கூட இருப்பீர்கள் என்றால் ஒரு வார்த்தை போன் பண்ணுங்கள், டப்பாக்களை வெளியே எடுத்துவிடுகிறேன்.