மாமா விழுந்திருக்கிறார்

இந்த வருஷம் குளிர் ராஜா பட்டம் எங்கள் மொகோட்லோங் மலைக்குத்தான் என்று முடிவு கட்டினேன். மலை என்றால் நான்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பன்னிரண்டு குளிர்ப் பைத்தியங்கள். சதர்லாந்து ஃபானி தன் ஊரில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்ததைப் பெருமையாகச் சொல்வான். அண்டர்பெர்க்காரர் வெள்ளை வெளேரென்று மலைச்சரிவைப் படம் போடுவார். யார் வாசலில் முதல் பனி விழுகிறதோ அவருக்குப் பட்டம். போன வருஷம் ஒரு மகானுபாவர் குளிர்பெட்டியைச் சுரண்டி வாசலில் கொட்டிப் படம் எடுத்துவிட்டார். அதனால் புது விதி. வீட்டில் இன்னொருவர் "இங்கே பனி விழுந்தது" என்று அன்றைக்கே குரலில் சாட்சி சொல்ல வேண்டும்.

மகள் லினேயோ மசேருவில் படிக்கிறாள். மிச்சமிருப்பது அவள் அம்மா மாலினேயோ. அங்கேதான் வினை. எங்கள் பாஷையில் பனிக்கு லெஹ்லோவா என்று பெயர். பனி கொட்டிய நாளில் பிறந்த என் அப்பாவுக்கும் அதே பெயர். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அதனால் இருபது வருஷமாகப் பனிக்கே அவள் "மாமா" என்றுதான் சொல்கிறாள். மாமா கூரைமேல் உட்கார்ந்திருக்கிறார் என்பாள். மாமா கதவை அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறார் என்பாள். கேட்கும்போதெல்லாம் எனக்கு முதுகு சில்லிடும்.

ஒரு விடியலில் விழுந்தது பனி. ஊரில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. நான் போனை நீட்டிக்கொண்டு அவள் காலில் விழாத குறை.

"ஒரே ஒரு தடவை சொல்லு. அவர் போய்ப் பதினோரு வருஷமாச்சு."

"போயிட்டாரா? வெளிய பாருங்க. முற்றம் பூரா அவர்தான்."

"இங்கிலீஷ்லயாவது சொல்லேன்."

"எந்தப் பாஷையில கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார்."

சரி, அவரே அனுமதி கொடுத்தால்? அப்பாவின் பழைய போர்வையைச் சுற்றிக்கொண்டேன். கூம்புத் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டேன். மாட்டுப்பட்டிக்குப் பின்னால் மூடுபனியில் போய் நின்றேன். அக்குளில் போன் பதிவு செய்துகொண்டிருந்தது. வறட்டி எடுக்கக் கூடையோடு வந்தாள்.

"மருமகளே," என்றேன், அப்பாவின் கரகரத்த குரலில். "என் பேரைச் சொல்லு. அனுமதி கொடுத்தேன்."

கூடையை இறக்கி வைத்து முழங்காலை மடக்கி வணங்கினாள். என்னை அல்ல. எனக்கு இடது பக்கம், நாலடி தள்ளி, வெறும் பனியை.

"வாங்க மாமா. குளிருதா?"

யாரோ பேசுவதுபோல் காது கொடுத்தாள். தலையாட்டினாள். லேசாகச் சிரித்தாள்.

"மருமகளே, நான் இங்க இருக்கேன்," என்றேன். அவள் திரும்பவே இல்லை. அப்போது அந்த இடத்தில் பனி மெல்ல அமுங்கும் சத்தம் கேட்டது. யாரோ கால் மாற்றி நின்ற மாதிரி. திரும்பிப் பார்க்கலாம் என்றால் கழுத்து ஒத்துழைக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, ஒளிக்க ஒன்றுமில்லை.

"சரி மாமா, சொல்லிடறேன்," என்று அவள் கூடையைத் தூக்கினாள். நான் ஓடிய ஓட்டத்தில் தொப்பி எங்கே விழுந்ததென்று தெரியாது. அடுப்பருகே ஒன்றும் தெரியாதவன்போல் உட்கார்ந்தேன். உள்ளே வந்தவள் சோளக் களியைத் தட்டில் வைத்தாள்.

"மாமா வந்திருந்தார்."

"என்ன சொன்னார்?"

"எங்கம்மா வீட்டு ஆட்டுப்பட்டிச் சுவர் சரிஞ்சு கெடக்கில்ல? நாளைக்கே போய் நீங்க கட்டித் தரணுமாம். குளிர் முடியிறவரைக்கும் அங்கயே இருக்கணுமாம்."

அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்று வாய்வரை வந்தது. எப்படித் தெரியும் என்று கேட்டால்? மென்று விழுங்கினேன்.

"பக்கத்துல எவனோ போர்வையைச் சுத்திக்கிட்டு நின்னான். உங்க பிள்ளையான்னு கேட்டேன். எம்பிள்ளை இவ்வளவு முட்டாள் இல்லம்மான்னுட்டார்."

மறுநாள் மூட்டையோடு கிளம்பும்போது பட்டிப் பக்கம் எட்டிப் பார்த்தேன். என் காலடிகள் இருந்தன. அவளுடையவை இருந்தன. நாலடி தள்ளி இரண்டே இரண்டு தடங்கள், என்னைப் பார்த்தபடி. வந்த வழியும் இல்லை, போன வழியும் இல்லை.

"அந்த இடத்துக்கு நீ போனியா?" என்றேன்.

"எந்த இடம்? நீங்க அங்க இருந்தீங்களா என்ன?"

வண்டி ஏறினேன். பட்டம் ஃபானிக்குப் போயிற்று. மாஃபெடெங் சமவெளியில், மாமியார் வீட்டில் கல் சுமக்கிறேன். இன்று இங்கே பதினெட்டு டிகிரி, பளிச்சென்று வெயில். குழுவில் போட்டிருக்கிறேன், "இங்கே வெயில்" என்று கணீரென்று சாட்சி சொன்னவர் என் மாமியார்.