எண்பதாவது எழுத்தில் மடிந்த வரி

பட்டனைக் கண்டால் என்னால் அழுத்திப் பார்க்காமல் இருக்க முடியாது. லிஃப்டின் கதவு மூடும் பட்டனை அழுத்தினால் நிஜமாகவே சீக்கிரம் மூடுகிறதா என்று கடிகாரம் வைத்துச் சோதித்தவள் நான் (மூடவில்லை). இந்தக் குணத்தால் வீட்டில் ஒரு மிக்ஸியும் இரண்டு போன்களும் போய்ச் சேர்ந்தன. ஒரே ஒருமுறை, என் கல்யாணமே போய்ச் சேரப் பார்த்தது.

அப்போது சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. சொந்தத்தில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான். அதனால் எங்கள் பங்குக் கோயிலில் பாட்டு வரிகளைச் சுவரில் காட்டும் புரொஜெக்டர் வேலையும் என் தலையில் விழுந்தது. சும்மா ஸ்லைடு போட்டுக் காட்டியிருக்கலாம். திமிர் விடுமா? அதற்கென்று சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதினேன். புரோகிராம் எழுதும் எடிட்டரிலேயே பாட்டை வரி வரியாக அடித்து வைத்தால் அது சுவரில் வரும். முன்னால் ஹேஷ் குறி (#) போட்ட வரி மட்டும் சுவருக்குப் போகாது; அது என் கண்ணுக்கு மட்டுமான குறிப்பு. எங்கள் தொழிலில் அதைக் கமென்ட் என்போம்.

அந்தக் கமென்ட்களில் உண்மையைத் தவிர வேறொன்றும் எழுதியதில்லை. அதுதான் வினை.

எங்கள் பாடகர் குழுவில் மைக் பிடித்து முன்பாட்டு பாடுபவர் ஸ்டெல்லா அத்தை. கீபோர்டு வாசிப்பவன் அவர் மகன் அலெக்ஸ். எனக்கும் அலெக்ஸுக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. அத்தைக்கு நல்ல குரல்தான், ஆனால் சில பாட்டுகளில் அவர் மேலே ஏறும்போது சுருதி கூடவே ஏறாமல் கீழேயே நின்றுகொள்ளும். அந்த இடங்களில் நான் சைகை காட்டுவேன், அலெக்ஸ் கீபோர்டு சத்தத்தைக் கூட்டுவான். பெற்ற தாயின் குரலை அமுக்குவதில் அவனுக்கு இருந்த சுறுசுறுப்பை வேறெதிலும் நான் இன்றுவரை பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை எடிட்டருக்கு ஒரு புது எக்ஸ்டென்ஷன், அதாவது கூடுதலாக ஒட்டிக்கொள்ளும் ஒரு குட்டிப் புரோகிராம், கிடைத்தது. பத்திகளும் கமென்ட்களும் எண்பது எழுத்தைத் தாண்டினால் அதுவே அழகாக மடித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகும். ஆபீஸ் கோப்பில் போட்டுப் பார்த்தேன். இஸ்திரி போட்ட மாதிரி ஆகிவிட்டது. மடித்த ஒவ்வொரு வரிக்கும் முன்னால் கமென்ட் குறியை அதுவே போட்டுக்கொண்டது. என்ன அறிவு! இதற்கு முன் யாரும் வரியையே மடித்ததில்லை என்பதுபோல் அரைமணி நேரம் நீட்டி, குறுக்கி விளையாடினேன். பிறகு கை சும்மா இருக்கவில்லை. பாட்டுக் கோப்பு என்ன ஆகும்?

அதையும் திறந்து, மடிக்கச் சொல்லிச் சேமித்தேன். பாட்டு வரிகள் எல்லாம் குட்டை, ஒன்றும் அசையவில்லை. திருப்தியாக மூடி வைத்தேன். பாட்டுக் கோப்பு நானே கண்டுபிடித்த வகை, அதில் ஹேஷ் போட்டால் கமென்ட் என்பது அந்த எக்ஸ்டென்ஷனுக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கவே இல்லை.

மறுநாள் ஞாயிறு. எங்கள் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசிக்கும் நாள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று ஃபாதர் பூசையில் அறிவிப்பார். இரண்டு வீட்டுச் சொந்தமும் முன்வரிசையில்.

நற்கருணைப் பாட்டு வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. மூன்றாம் சரணத்துக்கு மேல் நான் எழுதியிருந்தது இது: "# மூன்றாவதில் அத்தை மேலே போவார், சுருதி போகாது, அலெக்ஸுக்குச் சைகை காட்டிக் கீபோர்டைக் கூட்டி அத்தை குரலை அமுக்கிவிடவும்." எக்ஸ்டென்ஷன் இதைப் பாதியில் மடித்திருந்தது. முதல் பாதிக்கு ஹேஷ் இருந்தது, மறைந்துகொண்டது. இரண்டாம் பாதிக்கு இல்லை.

சுவரில் பெரிய எழுத்தில் வந்தது: "கீபோர்டைக் கூட்டி அத்தை குரலை அமுக்கிவிடவும்."

அத்தை சுவரில் வருவதைப் பாடுகிறவர். பாடினார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், சுருதி பிசகவில்லை. கோயிலும் சேர்ந்து பாடியது. எங்கள் வழக்கப்படி சரணத்தின் முதல் வரியை இரண்டு முறை பாட வேண்டும். இரண்டாம் முறை "அத்தை குரலை" வரை வந்தவர், அங்கே நின்றுவிட்டார். முன்வரிசை மட்டும் "அமுக்கிவிடவும்" என்று பக்தியோடு முடித்துக்கொடுத்தது.

நான் லேப்டாப்பை மூடினேன். அதற்குள் மூழ்கிவிட முடிந்திருந்தால் மூழ்கியிருப்பேன். அம்மா என் காதருகில் குனிந்து, "என்ன அம்மணி இப்பிடிப் பண்ணிப்போட்ட?" என்றாள். பிறகு ஃபாதர் ஓலை வாசித்தார். "தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும்" என்றதும் கோயில் மொத்தமும் திரும்பி அத்தையைப் பார்த்தது.

அத்தை எழுந்தார். மைக்கை எடுத்தார். இனி எந்த முகத்தோடு அலெக்ஸைப் பார்ப்பது?

"ஏனுங்க ஃபாதர்," என்றார், "கடேசிப் பாட்டு எத்தனாம் நம்பருங்க?"

பூசை முடிந்ததும் அத்தை நேராக என்னிடம் வந்தார். அலெக்ஸ் கீபோர்டு ஒயரைச் சுற்றும் சாக்கில் காணாமல் போயிருந்தான்.

"ஏங் கண்ணு, அது எப்பிடிப் பாட்டுக்குள்ள வந்துச்சு?"

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் நான் விளக்கம் கொடுக்க ஆரம்பித்தேன் (என் மற்றொரு வியாதி). எண்பது எழுத்து, மடிப்பு, ஹேஷ் எல்லாம் சொன்னேன். அத்தை கவனமாகக் கேட்டார்.

"அப்ப மொதப் பாதி ஒண்ணு ஒளிஞ்சிருக்குதல்ல? அதைக் காட்டு."

காட்டினேன். படித்தார். அடுத்த பாட்டையும் காட்டச் சொன்னார். எல்லாக் கமென்ட்டும் படித்தார். ஒரு மாதா பாட்டில் நிறுத்தினார். அதில் இருந்தது, "# கீபோர்டு வேண்டாம். அத்தை போதும்."

"இது ஏன் மடியலை?"

"குட்டை வரிங்கத்தை. எண்பது எழுத்து வரலீங்க."

அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வைய்யறதை மட்டும் முழம் முழமா நீட்டி எழுதியிருக்கற. நல்லதை ரெண்டு சொல்லுல முடிச்சுப்போட்ட. இதையும் கொஞ்சம் நீட்டி எழுதியிருந்தா, இது செவுத்துல வந்திருக்குமல்ல?"

அப்போதுதான் நான் அழுதேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

மற்ற இரண்டு ஓலையும் தடையில்லாமல் முடிந்தன. இன்று எங்கள் வீட்டில் யாரைப் பற்றியாவது ரகசியமாகப் பேச வேண்டுமென்றால், "ஹேஷ்" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்போம். போன வாரம் சமையலறையில் அலெக்ஸிடம், "ஹேஷ். இன்னைக்கு அத்தை வெச்ச குழம்புல உப்பு..." என்று தொடங்கினேன்.

ஹாலிலிருந்து குரல் வந்தது, நல்ல சுருதியில்: "ரெண்டாவது வரிக்கும் போட்டியா கண்ணு?"